இடது திருப்பம்

கணினியில் அறுபத்தொரு மணி நேரம் ஓடிய கணக்கு திங்கட்கிழமை காலை முடிந்தது. அவள் எதிர்பார்த்த விடை வரவில்லை. எதிர்பார்த்த என்பதுகூடச் சரியில்லை. வேண்டிக்கொண்ட விடை வரவில்லை.

ஒன்பது மைக்குகளில் எட்டுக்குக் கணக்கும் நிஜமும் ஒட்டிப் போயின. திரையில் கறுப்புக் கோடு தரையில் பதிவான சத்தம். சிவப்புக் கோடு அவளுடைய கணக்கு சொன்ன சத்தம். எட்டுப் படங்களில் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின, கைகோத்துக்கொண்டு இறங்கின. ஏழாவது மைக்கின் படத்தில் மட்டும் கறுப்புக் கோடு ஓரிடத்தில் எகிறிக் குதித்தது. சிவப்பு அதைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் கோடு மாறிவிடுமா என்ன?

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "ஹெலிகாப்டர் சத்தம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். அதற்குமேல் பேச அவளுக்கு வாய் வராது. நகரத்தின் பெரிய மருத்துவமனை, உயிருக்குப் போராடுகிறவர்களைக் கொண்டுவர மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறக்கப்போகிறது. சுற்றிலும் வீடுகள். எந்த வழியாக வந்து, எவ்வளவு சரிந்து, எங்கே திரும்பினால் கீழே இருப்பவர்களின் காது தப்பும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நேராகப் பறந்தால் சொல்வது சுலபம். அதற்குப் பழைய அட்டவணைகளே போதும். திரும்பும்போதுதான் தலைவலி. மேலே சுழலும் ஒவ்வொரு இறக்கையின் நுனியும் காற்றில் ஒரு முறுக்குக் கயிற்றை விட்டுவிட்டுப் போகிறது. இறங்கும்போது அந்தக் கயிறு விலகிப்போகாமல் வழியிலேயே கிடக்கிறது. அடுத்து வரும் இறக்கை அதன்மேல் ஓங்கி அறைகிறது. தரையில் நிற்பவருக்குக் கேட்கிற படபடப்பு அந்த அறைதான். வண்டி திரும்பினாலோ, மூக்கைத் தூக்கினாலோ கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். போன நொடியில் விழுந்த சிக்கு இந்த நொடியின் சத்தத்தைக் கூட்டும். ஆகவே ஒவ்வொரு நொடியையும் தனியாகக் கணக்கிட முடியாது. விட்ட கயிற்றையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடவிட்டது திங்கள் காலைவரை ஓடியது.

மூன்று வருடமாக அவள் பின்னிய கணக்கு அது. சரிபார்ப்பதற்காகப் போன மாதம் ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் வெள்ளைத் துணியால் பெரிய பெருக்கல் குறி விரித்தார்கள். அதுதான் மருத்துவமனை மாடி என்று பாவனை. சுற்றிலும் ஒன்பது மைக். ஹெலிகாப்டர் மூன்று முறை வலப்பக்கம் திரும்பி இறங்கியது. மூன்று முறை இடப்பக்கம் திரும்பி இறங்கியது. வலது திருப்பங்களில் ஒரு குறையும் இல்லை. இடது திருப்பங்களில் மூன்று முறையும் ஏழாவது மைக்கின் இடத்திலிருந்து கத்தல் வந்தது.

பிரிவுத் தலைவியை எல்லோரும் மேடம் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய அறையில் நாற்காலிகளைவிடக் கோப்புகள் அதிகம். ஒரு நாற்காலியைக் காலி செய்து மைக்காரர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் மைக் நட்டு நட்டுக் கறுத்த கழுத்து. அவளுக்குக் 'கணக்கு' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"ஏழா?" என்றார் மேடம், தலை நிமிராமல்.

"ஏழுதான் மேடம்."

"இந்தா கணக்கு, என் மைக்கு மேல மட்டும் பழி போடாத, சொல்லிட்டேன்," என்றார் மைக்காரர். "மூணாவது தடவை இடது பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி ஏழைப் பிடுங்கி மூணு இருந்த இடத்துல வச்சேன். மூணைக் கொண்டுபோய் ஏழு இருந்த இடத்துல வச்சேன். ஏழு அங்க போய் பிள்ளைப்பூச்சி மாதிரி கம்முனு உட்கார்ந்துச்சு. மூணு இங்க வந்து கத்துச்சு. கோளாறு மைக்குல இல்ல, இடத்துல."

"இடத்துல என்ன, பேயா?"

"பேயா இருந்தா ராத்திரி வரும் மேடம். இது காலைல ஒன்பது மணிக்கு வந்து வேலை பார்த்துட்டுப் போயிருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். "இங்க பாரும்மா," என்றார். "வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரையும் நர்ஸையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி மாடியில முதல் தடவையா இறங்கப் போறாங்க. இடது திருப்பம்தான். வேற வழியில போனா உயரமான கட்டடம். அதுக்கு முன்னாடி, வியாழக்கிழமை காலைல உன் அறிக்கை என் மேஜைல இருக்கணும். எட்டு மைக் சரியா இருக்கில்ல? ஒரு மைக்குக்காக எதுக்கு மண்டையை உடைச்சுக்கிற? காத்து அடிச்சிருக்கும். ஒரு வரி எழுதித் தள்ளிடு. உன் கணக்கும் பாஸாயிரும், உன் வேலையும் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீட்டியாச்சு."

"காத்து இல்ல மேடம்," என்றாள் அவள். அந்த ஒரு வாக்கியத்துக்கே காது மடல் சூடாகிவிட்டது.

"அப்போ என்ன?"

"தெரியல."

"தெரியலங்கிறதைவிடக் காத்துங்கிறது அறிக்கையில நல்லா இருக்கும்," என்றார் மேடம். பேச்சு முடிந்தது.

தன் இடத்துக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஏழாவது மைக்கின் பதிவைப் போட்டாள். தூரத்தில் மெல்லிய துடிப்பு. கிட்ட வந்தது. திருப்பம் தொடங்கியது. படபடப்பு கூடியது, அவள் கணக்கு சொன்ன அளவுக்கே. பிறகு சட்டென்று கதவை உள்ளங்கையால் அறைவதுபோல நாலைந்து அறைகள். உடனே பழையபடி அடங்கிவிட்டது.

இரண்டாம் முறைப் பதிவைப் போட்டாள். அதே இடம். மூன்றாம் முறை, ஏழின் இடத்தில் மூன்று நின்ற பதிவு. அதே இடம். காற்று மூன்று முறையும் ஒரே இடத்துக்குக் காத்திருந்து வருமா?

தோளில் யாரோ தட்டினார்கள். மைக்காரர் டீயோடு நின்றார்.

"அதை மாட்டிக்கிட்டா உலகம் இடிஞ்சு விழுந்தாலும் உனக்குத் தெரியாது."

"அண்ணே, அன்னைக்கு நீங்க ஏழுகிட்டதானே நின்னீங்க? வண்டி எப்படித் திரும்புச்சு?"

"நான் குனிஞ்சு மீட்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மேல பார்க்கிறதுக்கு எனக்குச் சம்பளம் கிடையாது."

"வண்டிக்குள்ள பைலட்டோட கைப்பிடி அசையறதைப் பதியற கருவி இருந்திருந்தா..."

"அது ரிப்பேருக்குப் போயிருந்துச்சே. மேடம் என்ன சொன்னாங்க? ஓட்டறது ஸ்கேல், அவருக்கு எதுக்குக் கருவின்னாங்க. நீயும் தலையாட்டினே, நானும் தலையாட்டினேன்." அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "நியாயம்தானே. பேப்பர்ல கோடு போட்டுக் குடுத்தா அந்தக் கோட்டு மேலயே போற மனுஷன்."

ஸ்கேல் என்பது பைலட்டின் பட்டப்பெயர். வானத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலப் பறப்பார் என்று பத்து வருடமாக அந்த அலுவலகமே சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் கணக்குக்குள் அவள் கொடுத்தது ஹெலிகாப்டர் பறந்த திருப்பத்தை அல்ல, பேப்பரில் வரைந்து கொடுத்த திருப்பத்தை. இரண்டும் ஒன்றுதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறு யார் ஓட்டியிருந்தாலும் வந்திருக்கும்.

டீ ஆறிப்போகும்வரை அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது திருப்பத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். கத்தல் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரே ஒரு நொடி, கணக்குக்குள் வண்டியின் மூக்கை மேலே தூக்கினாள். உடனே இறக்கிவிட்டாள். ஓடவிட்டாள். புதன்கிழமை மதியம் முடியும் என்றது கணினி.

அவள் மனதில் வேறொன்றும் ஓடத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்தத் தெரியவில்லை. ஏனென்றால் ஸ்கேல் என்கிற அந்தப் பைலட் அவளுடைய அக்காவின் கணவர். மூன்று வருடமாக அவள் இருப்பது அவர் வீட்டில், துணி தேய்ப்பதற்கென்று கட்டிய சின்ன அறையில். இந்த வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னதும் அவர்தான்.

சாயங்காலம் வழக்கம்போல அத்தானின் காரிலேயே வீட்டுக்குப் போனாள். அவர் அதிகம் பேசமாட்டார். அவளும் பேசமாட்டாள். அந்தப் பொருத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. பேக்கரி முனை வந்தது. அங்கே இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது கட்டடம் வீடு. அத்தான் திரும்பவில்லை. நேராகப் போய், பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, வலது, மறுபடி வலது, மறுபடி வலது என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாலு மாதமாக இப்படித்தான். முனையில் பள்ளிக்கூட வேன்கள் மறித்துக்கொண்டு நிற்கின்றன என்று ஆரம்பத்தில் சொன்னார். இன்று பள்ளிக்கூடம் விடுமுறை. முனை துடைத்துவிட்டாற்போலக் காலியாக இருந்தது. அவள் காலி முனையைப் பார்த்தாள்.

அக்கா மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சா ரெண்டு ஊமைகளும்? வழியெல்லாம் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்குமே, தண்ணி குடிங்க."

ஆறு வயதுக் குட்டிக்குத் தண்ணீர் கொடுப்பது என்றால் கொள்ளை ஆசை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் இடப்பக்கம் நின்று நீட்டினாள். அவர் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றக் கையை வீசினார். தம்ளர் பறந்தது. குட்டியின் சட்டையெல்லாம் தண்ணீர்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அக்கா கத்தினாள். "பிள்ளை பக்கத்துலயே நிக்குது, தெரியலையா?"

"கவனிக்கல," என்றார் அத்தான். குனிந்து தம்ளரை எடுத்தார்.

"அப்பாவைத் திட்டாதம்மா," என்றாள் குட்டி, சட்டையைப் பிழிந்துகொண்டே. "அப்பாவுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கக் கூடாது. இந்தப் பக்கம்தான் நிக்கணும். நான்தான் மறந்துட்டேன். சித்தி, நீயும் இந்தப் பக்கம்தான் நிக்கணும், சரியா?"

"பெரிய சட்டம் போட வந்துட்டா," என்று அக்கா சிரித்துவிட்டாள். அத்தானும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அவள் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது. சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தான், அன்னைக்கு இடது திருப்பத்துல நடுவுல மூக்கைத் தூக்குனீங்களா?"

"யார் மூக்கை? இந்த வீட்டுல உங்க அக்கா மூக்குதான் எப்பவும் தூக்கிக்கிட்டு இருக்கு."

"என் மூக்கு உங்களை என்ன பண்ணுச்சு?" என்றாள் அக்கா.

"இல்ல அத்தான், வண்டி மூக்கை. ஒரு நொடிதான்."

அவர் ரொட்டியைப் பிய்த்தார். பிய்த்த துண்டை இன்னும் இரண்டாகப் பிய்த்தார். "கோடு போட்டுக் குடுத்தீங்க. கோட்டு மேல போனேன். வேற என்ன?"

"சரி அத்தான்."

"ஏன், உன் மெஷின் என் மேல புகார் குடுக்குதா?"

"சாப்பிடற இடத்துல ஆபீஸைக் கொண்டுவராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அக்கா இரண்டு பேரையும் சேர்த்து அதட்டினாள். "வீட்டுக் கடனுக்கு இன்னும் ஒன்பது வருஷம் ஆபீஸ் இருக்கு. ராத்திரிக்காவது அதை விடுங்க."

கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. செவ்வாய்க்கிழமை முழுக்க அவளும் அத்தானும் கார் பயணத்தில் வழக்கத்தைவிட அதிகமாக மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தில் நிம்மதி இல்லை.

புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு கணக்கு முடிந்தது. ஏழாவது மைக்கின் படத்தைத் திறந்தாள். கறுப்புக் கோடு எகிறிய இடத்தில் சிவப்பும் எகிறியிருந்தது. அதே உயரம். அதே அகலம். ஏறிய இடத்தில் ஏறி, இறங்கிய இடத்தில் இறங்கி, நகத்தோடு ஒட்டிய சதைபோலக் கிடந்தது. மற்ற எட்டு மைக்குகளையும் திறந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் கெடவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

மூன்று வருடத்தில் இப்படி ஒரு படத்தை அவள் பார்த்ததில்லை. வேறு யாராவது ஓட்டியிருந்தால் நாற்காலியைவிட்டு எழுந்து குதித்திருப்பாள். குதிக்கிற ஆள் இல்லை. ஆனால் எழுந்தாவது நின்றிருப்பாள். இப்போது உட்கார்ந்தே இருந்தாள். கணக்கு சரி. அப்படியென்றால் கோடு போட்டதுபோலப் பறக்கிறவர் மூன்று முறையும் ஒரே இடத்தில் எதையோ தொலைத்துவிட்டு, ஒரு நொடி வண்டியை இழுத்துப் பிடித்திருக்கிறார். பெருக்கல் குறி அவருக்கு இடப்பக்கம் வந்த இடத்தில்.

காலியான பேக்கரி முனை நினைவுக்கு வந்தது. தம்ளர் நினைவுக்கு வந்தது. குட்டி போட்ட சட்டம் நினைவுக்கு வந்தது. அவற்றையெல்லாம் தனித்தனியாக வைத்திருக்கத்தான் அவள் இரண்டு நாளாகப் படாதபாடு பட்டாள்.

அறிக்கையைத் திறந்தாள். 'ஏழாவது மைக்கின் பதிவில் காணும் வேறுபாட்டுக்கு அன்றைய காற்று காரணமாக இருக்கலாம்' என்று தட்டினாள். எழுதிவிட்டால் எவ்வளவு சுலபம். மேடத்துக்கு நல்லது. அவள் வேலைக்கு நல்லது. அக்காவுக்கு, அத்தானுக்கு, ஒன்பது வருடக் கடனுக்கு நல்லது. ஒருத்தருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"காத்தா?"

மைக்காரர் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். அவள் திரையை மறைக்கப் பார்த்தாள். தாமதமாகிவிட்டது.

"அன்னைக்கு ஒரு இலை அசையல கணக்கு. வேர்த்து ஊத்துச்சு. சட்டையைக் கழட்டிட்டு நிக்கலாமான்னு பார்த்தேன், நீ இருக்கேன்னு விட்டேன். காத்து எங்கிருந்து வந்துச்சு? நான் ஊதுனேனா?"

"அண்ணே, மெதுவா."

"மெதுவா என்ன மெதுவா. காத்து மீட்டர் வச்சது நான். பூஜ்யம்னு எழுதுனது நான். நாளைக்கு எவனாவது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" அவர் கண் அடுத்த திரைக்குப் போனது. கறுப்பும் சிவப்பும் ஒட்டிக் கிடந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கிடைச்சிருச்சே. கிடைச்சதை விட்டுட்டு ஏன் காத்துங்கிற?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றினால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. அது அவளுக்கு வசதி.

மைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவளுடைய அத்தான் யார் என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். "வெள்ளிக்கிழமை கீழ மைக் வைக்கச் சொல்லியிருக்காங்க," என்றார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "ஆஸ்பத்திரியைச் சுத்தி. அந்த நர்ஸுப் பொண்ணு வந்து போன வாரம் என்கிட்ட கேட்டுச்சு, 'அண்ணே, உள்ள ரொம்பச் சத்தமா இருக்குமா, எனக்குப் பயமா இருக்கு'ன்னு. பயப்படாதம்மா, ஓட்டப்போறது ஸ்கேல்னு சொன்னேன்."

எழுந்து போய்விட்டார். நாற்காலியைத் திரும்ப வைக்கவில்லை.

அவள் அந்த ஒரு வரியை அழித்தாள். வேறு வரி எழுதவும் கை வரவில்லை. இரண்டு சத்தங்களையும், மைக் பதிந்ததையும் கணக்கு சொன்னதையும், போனில் ஏற்றிக்கொண்டாள்.

காரில் ஏறியதும் வழக்கம்போல பெல்ட்டைப் போட்டாள். வண்டி வாசலைத் தாண்டியதும், "அத்தான், ஒண்ணு போட்டுக் காட்டட்டுமா?" என்றாள்.

"பாட்டா?"

"இல்ல."

முதலில் மைக் பதிந்ததைப் போட்டாள். துடிப்பு வந்தது, கூடியது, அறைந்தது, அடங்கியது. அத்தான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் இருந்த கட்டைவிரல் மட்டும் தாளம் நின்றதுபோல நின்றது.

"இது நானா?"

"நீங்கதான். தரையில இருந்து."

"உள்ள இருந்தா இந்த அறை கேக்கவே கேக்காது." கொஞ்ச தூரம் போனபிறகு, "இவ்வளவு சத்தமா இருந்துச்சா?" என்றார்.

"இது என் கணக்கு," என்று இரண்டாவதைப் போட்டாள். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. "மூக்கை ஒரு நொடி தூக்கினாத்தான் இப்படி வருது அத்தான். தூக்கலன்னா வரல. மூணு தடவையும் ஒரே இடம்."

சிக்னலில் நின்றார்கள். பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தபிறகுதான் வண்டியை எடுத்தார்.

"நாளைக்கு அறிக்கை குடுக்கணும்," என்றாள் அவள். இதைவிட நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. "காத்துன்னு எழுதச் சொல்றாங்க. எழுதிப் பார்த்தேன். எழுதிட்டு அழிச்சுட்டேன். என்ன எழுதறதுன்னு தெரியல அத்தான். நீங்க சொல்லுங்க."

பேக்கரி முனை தெரிந்தது. அத்தான் வேகத்தைக் குறைக்கவில்லை. நேராகப் போகிற தடத்திலேயே போனார். இடப்பக்கம் அவர்கள் தெரு. மூன்றாவது கட்டடத்தின் மாடியில் அக்கா காயப்போட்ட துணி. அது வந்தது, போனது.

"அத்தான்," என்றாள். "நம்ம வீடு இடது பக்கம்."

பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். வெளியே ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அத்தான் இரண்டு கையாலும் முகத்தை மேலிருந்து கீழாகத் துடைத்தார். அவள் அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டிருந்தது. பறந்து வந்த களைப்பு இல்லை அது. மறைத்து மறைத்து வந்த களைப்பு.

"பத்து வருஷம்," என்றார். "ஒருத்தனும் என்னைச் சரிபார்த்தது இல்ல. கருவியே வேண்டாம்னாங்க. அன்னைக்கு அந்தக் கருவி ரிப்பேர்னு சொன்னப்போ எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"கடைசில நீ மாட்டிவிட்டே."

"நான் இல்ல அத்தான்..."

"திட்டல. சொல்றேன்." அவர் போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். "மேடம் இன்னும் ஆபீஸ்லதான் இருப்பாங்க."

"அக்காகிட்ட முதல்ல சொல்ல வேண்டாமா?"

"உங்க அக்காகிட்ட முதல்ல சொன்னா அவ அழுவா. அவ அழுதா அப்புறம் நான் வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." போனை ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். மணி அடித்தது. "அறிக்கையில காத்துன்னு எழுதாத. உன் கணக்கு சரி. சரின்னு எழுது."

"சொல்லுங்க ஸ்கேல்," என்றது மேடத்தின் குரல். பின்னால் கோப்புகள் நகரும் சத்தம். "என்ன இந்த நேரத்துல?"

"வெள்ளிக்கிழமை நான் ஓட்டல மேடம்."

"விளையாடாதீங்க. டாக்டருக்கெல்லாம் சொல்லியாச்சு. என்னாச்சு, காய்ச்சலா?"

அத்தான் போனைப் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி, இடது சீட்டில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார். அவ்வளவு தூரம் திருப்பினால்தான் அவள் தெரிவாள் போலிருந்தது.

"காய்ச்சல் இல்ல மேடம். எனக்கு இடது கண்ணு ஓரத்துல ஒண்ணும் தெரியல. நாலு மாசமா தெரியல."